கழற்றிப் பூட்டும் வில்லின் மரப்பிடி: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

கழற்றிப் பூட்டும் ரீகேர்வ் வில்லின், அதாவது நுனிகள் இலக்குப் பக்கமாக வளைந்த வில்லின், பிடி தொழிற்சாலையில் ஒரு பொதுக் கையை மனத்தில் கொண்டு செதுக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் அத்தகைய வில்லை வைத்திருப்பவர் பெரும்பாலும் அதைக் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டு உறவினர் மூலமோ வருவித்திருப்பார். நாலைந்து வில்லைக் கையில் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு அவருக்கு இருந்திராது. ஆகவே பிடி பொருந்தாதபோது அதைத் திருத்திக்கொள்வதே வழியாகிறது. வேலை கடினமானதன்று. ஆயினும் எந்தக் குறைக்கு எந்த இடத்தில் மரத்தை எடுப்பது என்பதை அறியாமல் அரத்தைப் பிடிப்பவர், நல்ல ரைசர் ஒன்றை, அதாவது பிடியைக் கொண்ட வில்லின் நடுக்கட்டையை, பலவீனப்படுத்திவிட்டு, பழைய குறையையும் அப்படியே வைத்துக்கொள்ள நேரும்.

அரத்தைத் தொடுமுன்

உங்கள் பிடி சுமை தாங்கும் வகையா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். உலோக ரைசரில் திருகாணியால் பூட்டப்பட்ட மரப்பிடி வெறும் உறையே. அது கெட்டால் இன்னொன்றைச் செதுக்கிப் பூட்டலாம். முழுவதும் மரத்தாலான ரைசரிலோ, வில் இழுபடும்போது எழும் வளைவுச் சுமை பிடியின் ஊடாகவே செல்கிறது. வளையும் கட்டையொன்றின் வலிமை அதன் அகலத்துக்கு நேர்விகிதமாகவும், ஆழத்தின் இரண்டாம் அடுக்குக்கு நேர்விகிதமாகவும் அமையும். விறைப்பு ஆழத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. இங்கே ஆழம் என்பது, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கைக்கவை அமரும் கழுத்துப் பள்ளத்திலிருந்து இலக்கை நோக்கிய முதுகுப் புறம் வரையுள்ள தடிப்பாகும். 50 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிடியின் கழுத்தில் 5 மில்லிமீற்றரை எடுத்தால், அவ்விடத்தின் வலிமையில் ஏறத்தாழ 19 வீதமும் விறைப்பில் 27 வீதமும் போய்விடும். அதே பத்து வீதத்தை அகலத்தில் எடுத்தால் இழப்பு இரண்டிலும் பத்து வீதமே. எனவே முதலில் பக்கங்கள், அடுத்து உள்ளங்கையின் அடி அமரும் கீழ்ப்பகுதி, வேறு வழியே இல்லாதபோது மட்டும் கழுத்து என்ற வரிசையை மாற்ற வேண்டாம். முதுகுப் புறம் இழுவிசையில் நிற்பதாலும், அம்பு தங்கும் தட்டுக்கு மேலே ரைசர் ஏற்கெனவே ஒடுங்கியிருப்பதாலும், அவ்விரு இடங்களிலும் அரம் படவே கூடாது.

அடுத்தது அளவு. கழுத்தின் ஆழமான புள்ளியிலிருந்து நாண் வரையுள்ள உயரத்தை, அதாவது நாணுயரத்தை, வில்லைக் கழற்றுமுன் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நில்லாமல், அம்புத் தட்டின் மேலே அரம் படாத ஒரு நிலையான இடத்திலிருந்தும் நாண் வரை அளந்து வையுங்கள். காரணம் இதுதான்: கழுத்தில் 6 மில்லிமீற்றரை எடுத்தால், நாண் இருந்த இடத்திலேயே இருக்க, அளவுகோலில் நாணுயரம் 6 மில்லிமீற்றர் கூடியதாகத் தெரியும். அதைப் பார்த்துப் பழைய எண்ணுக்குக் கொண்டுவருவதற்காக நாணின் முறுக்கைத் தளர்த்துபவர், சரியாக இருந்த நாணைத் தானே கெடுத்துக்கொள்கிறார். இழுவை நீளமும் அவ்வாறே மாறும். அமெரிக்க வில்தொழில் நியமம் இழுவை நீளத்தை, கழுத்துப் புள்ளியிலிருந்து அம்பின் நாண்கவ்வி வரையுள்ள தூரத்தோடு 1¾ அங்குலத்தைக் கூட்டிக் கணக்கிடுகிறது. கழுத்து உள்ளே போனால் வில் அதே அளவு குறைவாக இழுபடும். ரீகேர்வ் வில்லில் கடைசி ஓர் அங்குலத்துக்கு இழுவிசை இரண்டு மூன்று இறாத்தல் ஏறுவது வழக்கமாதலால், 6 மில்லிமீற்றருக்கு அரை இறாத்தலோ அதற்குச் சற்று மேலோ குறையும் என எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது சோதனை செலவில்லாதது. இவ்வேலை முழுவதிலும் இதைவிட நம்பத்தக்க வழிகாட்டியை நான் காணவில்லை. பள்ளி வெண்கட்டியைப் பொடியாக்கி உள்ளங்கையில் பூசி, வழக்கம்போல வில்லை இழுத்து, ஒரு அம்பை எய்துவிட்டுப் பிடியைப் பாருங்கள். கை அழுத்திய இடங்களில் வெண்மை தடிப்பாகவும், தொட்டும் தொடாமலும் இருந்த இடங்களில் புகைபோலவும், தொடாத இடங்களில் மரம் வெறுமையாகவும் தெரியும். மரம் வெளிர்நிறமாயின் நிற வெண்கட்டியைப் பயன்படுத்தலாம். துடைத்துவிட்டு மறுபடி எய்து, அடையாளங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று ஒப்பிடுங்கள். மரத்தை எடுக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிடுவது இந்த அடையாளங்களைக் கொண்டே. கண்ணுக்குத் தடிப்பாகத் தோன்றுவதைக் கொண்டன்று.

அம்புகள் இடமும் வலமுமாகச் சிதறுகின்றன

எல்லா அம்புகளும் ஒரே பக்கமாகக் கூடி விழுந்தால், பிடியைக் குற்றஞ்சாட்ட வேண்டாம். அம்பின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தாமை, அல்லது லிம்ப்கள் (ரைசரில் பூட்டப்படும், வளையும் மேல், கீழ்த் தண்டுகள்) நேர்கோட்டில் இல்லாமை அதற்குக் காரணமாகலாம். நாண் பூட்டிய வில்லைப் பின்னாலிருந்து பார்த்தால், நாண் இரு லிம்ப்களின் நடுவையும் மறைத்துச் செல்ல வேண்டும். இது சரியில்லாத வில்லின் பிடியைச் செதுக்குவது வீண்வேலை.

அம்புகள் இருபக்கமும் ஒழுங்கின்றி விழுந்து, எய்தபின் வில் கையில் சுழல்வதும் உணரப்பட்டால், கை வில்லை முறுக்குகிறது என்று கொள்ளலாம். வெண்கட்டி அடையாளத்தை இப்போது கவனியுங்கள். அழுத்தம் ஆயுள் ரேகைக்குப் பெருவிரல் பக்கமாகவே விழ வேண்டும். விரல் மொழிகள் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து நிற்க வேண்டும். அடையாளம் ரேகையைத் தாண்டிச் சுண்டுவிரல் பக்கத்து மேட்டிலும் படிந்திருந்தால், பிடியின் பின்முகத்தில், அதாவது எய்பவரை நோக்கிய முகத்தில், விரல்கள் சுற்றும் பக்கத்து விளிம்பு உயர்ந்திருக்கிறது. அந்த விளிம்பை, கழுத்துக்கு ஒரு விரல் கீழே தொடங்கி அடிவரை, சரிவாக இறக்குங்கள். நடுக்கோட்டைத் தாண்டாதிருக்க அதனைப் பென்சிலால் கீறி, வேலை முடியும்வரை அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம் ஒவ்வொரு எய்தலுக்கும் இடம் மாறுமானால், காரணம் வேறு. பின்முகம் உருளையாக இருக்கும் பிடியில் கைக்கு நிலையான இடம் கிடையாது. வழுவழுப்பான உலக்கையைப் பிடிப்பதுபோல, ஒவ்வொரு தடவையும் சற்றுத் திரும்பியே கை அமரும். அங்கே செய்ய வேண்டியது, பின்முகத்தில் பெருவிரல் அகலத்துக்கு ஒரு தட்டையை உண்டாக்கி, அதன் இரு விளிம்புகளையும் மழுக்கிவிடுவதாகும். கை அந்தத் தட்டையைக் கண்ணில்லாமலே கண்டுகொள்ளும். பிடி அளவுக்கு மீறி அகலமாயிருப்பதும் இதே தொல்லையைத் தரும். அழுத்தம் நடுக்கோட்டிலிருந்து விலகி விழக்கூடிய தூரம் கூடக்கூட முறுக்கும் கூடுகிறது. அப்போது இரு பக்கங்களிலும் சம அளவு எடுத்துக் கழுத்தை ஒடுக்க வேண்டும். சமத்தைக் கண்ணால் மட்டிட முடியாது. பழைய கலண்டர் மட்டையில் ஒரு பக்கத்தின் வளைவை வெட்டியெடுத்து, அதைத் திருப்பி மறுபக்கத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எங்கே இடைவெளி என்பது உடனே தெரியும்.

மரத்தை எடுக்கும்போது லிம்ப்கள் கழற்றப்பட்டிருக்க வேண்டும். ரைசரைக் கவ்வியில் பிடிக்கும் இடத்தில் சைக்கிள் ரியூப் துண்டொன்றைச் சுற்றுங்கள். அரைவட்ட முகமுள்ள மரஅரத்தால் இழையின் போக்கிலேயே சாய்வாகத் தள்ளி, ஒரு தடவைக்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் எடுக்காமல், நிறுத்தி, வெண்கட்டியோடு கையை வைத்துப் பாருங்கள். அடுக்கு மரமாயின் அடுக்குக்கோடுகளே நல்ல வழிகாட்டி: அரம் இறங்க இறங்க அவை இரு பக்கமும் ஒத்த வளைவாக விரிய வேண்டும்; ஒரு பக்கத்தில் மட்டும் கோடு விலகினால் அந்தப் பக்கம் கூடுதலாகப் போயிருக்கிறது. அதன்பின் 80ஆம் இலக்க அரத்தாள், பிறகு 120. அவற்றையும் ரியூப் துண்டின் மேல் சுற்றித் தேய்த்தால் வளைவுகளில் பள்ளம் விழாது. அந்நிலையில் மேலே செல்லாமல், வியர்வை ஊறாதபடி ஒரு மெல்லிய அவலரக்கு (ஷெலாக்) பூச்சோடு சில நாட்கள் எய்து பாருங்கள். மெருகிட்ட பின்பு வடிவம் பிழை என்று கண்டால், மெருகின் அழகு கையைத் தடுத்துவிடும். பிழையோடு வாழப் பழகிவிடுவோம்.

முகமூடி கட்டாயம். நம் வன்னிக் காடுகளின் முதிரை உள்ளிட்ட சில வைர மரங்களின் தூள் தோலில் அரிப்பையும் கொப்பளத்தையும் உண்டாக்கும். பிசினேற்றிய அடுக்கு மரத்தின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன

அம்பு கோக்கும் குறி நாணில் நகர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது அசையாமல் இருந்தும் உயரம் மாறுமானால், மணிக்கட்டின் நிலை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. உள்ளங்கையின் அடி ஒருமுறை பிடியில் முழுதாக அழுந்தியும், மறுமுறை விலகியும் நிற்கும்போது, மேல் லிம்புக்கும் கீழ் லிம்புக்கும் இடையே சுமை பங்கிடப்படும் விதமே மாறிவிடுகிறது. அடி கூடுதலாக அழுந்தினால் அம்பு உயர்ந்து செல்வதே பொதுவாகக் காணப்படுவது. தாழ்ந்த பிடிக்குப் பழகியவர் கீழ்ப்பகுதி துருத்திய பிடியை வைத்திருந்தால் அதைக் குறைக்கலாம். உயர்ந்த மணிக்கட்டை விரும்புபவருக்கோ அங்கே மரம் சேர்க்க வேண்டும். அதைச் செய்யும் விதம் கீழே வருகிறது.

பெருவிரல் கவை நோகிறது, விரல் மரக்கிறது

கவையில் சிவந்த கோடு விழுந்தால், கழுத்தின் மேற்புறம் அம்புத் தட்டோடு சேரும் இடத்தில் விளிம்பு கூராயிருக்கிறது. அங்கே ஆழத்தை எடுக்காமல், விளிம்பை மட்டும் உருட்டினாலே பெரும்பாலும் நோவு நீங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், அழுத்தம் ஆயுள் ரேகைக்கு மறுபுறம் விழுகிறது. மேலே சொன்ன சரிவே மருந்து. எய்வதை நிறுத்திய பின்னும் மரப்பு தொடர்ந்தால், அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய காரியம்.

வியர்வையில் வழுக்குகிறது

சித்திரை வெயிலில் மைதானத்தில் நிற்பவருக்கு இது தெரிந்த தொல்லை. கண்ணாடிபோல மின்னும் தடித்த பூச்சே காரணம். பூச்சு உறுதியாக இருந்தால் அதைக் களைய வேண்டியதில்லை. 400ஆம் இலக்க அரத்தாளாலோ, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலோ மின்னலை மழுக்கினால் போதும். இவ்வேலைக்கு மெல்லிய உருக்குக் கம்பிப் பஞ்சைப் பலர் பரிந்துரைப்பார்கள். கடற்காற்று உப்பைக் கொண்டுவரும் நம் குடாநாட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது; மரத்துளைகளில் சிக்கிய உருக்குத் துகள் துருப்பிடித்து, தேக்கு போன்ற துவர்ப்புச்சத்துள்ள மரத்தில் கறுப்புப் புள்ளிகளாக ஊறிவிடும். மழுக்கியும் போதாதாயின், பிடியின் பின்முகத்தில் மெல்லிய தோல் ஒட்டலாம். அதன் தடிப்பளவுக்கு நாணுயர அளவு குறைந்து தெரியும் என்பதை மறவாதீர்கள்.

எண்ணெய் பூசிய பிடி பிசுபிசுக்கிறது

நல்லெண்ணெய் நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் பொருள். பழைய ஏர்க்காலுக்கும் கதவுக்கும் எண்ணெய் தடவிய பழக்கத்தில், வில்லின் பிடிக்கும் அதையே தேய்க்கிறார்கள். வாரங்கள் சென்றும் பிடி காயாமல் தூசியைக் கவர்ந்து கறுக்கும்போது, எண்ணெய் குறைவு என்று நினைத்து மேலும் பூசுகிறார்கள். காய்வது என்பது இங்கே ஆவியாதல் அன்று. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து திண்மமான படலமாக மாறுவதாகும். அந்த மாற்றத்துக்கான தகுதியை எண்ணெயின் அயடீன் பெறுமானம் காட்டும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 105 முதல் 120. தேங்காயெண்ணெய்க்கு பத்தின் அண்டையில்தான். ஆளிவிதை எண்ணெயும் டங் எண்ணெயும் படலமாக இறுகும். நல்லெண்ணெய் கையாளும் பொருளுக்கு வேண்டிய அளவுக்கு இறுகாது. தேங்காயெண்ணெய் ஒருபோதும் இறுகாது.

திருத்தம் பொறுமையை வேண்டும். தின்னரில் நனைத்த பழைய பருத்தித் துணியால் துடைத்து, துணியை மாற்றி மறுபடி துடைத்து, துணியில் நிறம் ஏறாமல் போகும்வரை தொடருங்கள். பிறகு மேற்பரப்பை 120 இலக்கத் தாளால் தேய்த்து, நிழலில் சில நாள் விட்டுவைத்தால் உள்ளே ஊறியது மெல்ல மேலே கசியும், அதையும் துடையுங்கள். இவ்வளவுக்குப் பின்னும் மரத்துள் எச்சம் இருக்கும் என்று கொண்டு, மெழுகு நீக்கிய அவலரக்கை இடைப்பூச்சாக இட்ட பின்பே வார்னிஷ் பூச வேண்டும்.

சரியான எண்ணெயே பிசுபிசுத்தால், அது தடிப்பாகப் பூசப்பட்டிருக்கிறது. ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்து, கால் மணிநேரம் கழித்து மரம் குடிக்காத அனைத்தையும் ஒட்டத் துடைத்துவிட வேண்டும்; அடுத்த பூச்சு மறுநாள்தான். பச்சை எண்ணெய் காய நாட்கணக்காகும். ஆகவே உலர்த்தி சேர்த்துக் காய்ச்சியதென விற்கப்படுவதை வாங்குங்கள். பிசினேற்றிய அடுக்கு மரம் எண்ணெயைக் குடிப்பதே இல்லை. அத்தகைய ரைசரில் எண்ணெய் திட்டுத்திட்டாக நிற்பது இயல்பு, அதற்கு வார்னிஷே பொருத்தம்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஒட்சிசனோடு சேரும்போது எழும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் அடைபட்டு, தீக்குச்சியின்றியே அது பற்றிக்கொள்ளும். ஓலைக் கொட்டிலை வேலையிடமாக வைத்திருப்பவர்கள் இதை விளையாட்டாக எண்ணக் கூடாது. துணியை முற்றத்தில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

பூச்சில் வெண்படலம் படர்கிறது

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவலரக்கோ விசிறும் லாக்கரோ பூசியவருக்கு இது நேரும். ஸ்பிரிட்டும் தின்னரும் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் சிக்கி வெண்மையாகத் தெரிகிறது. வெயில் எறித்த ஒரு நண்பகலில் ஸ்பிரிட் நனைத்த துணியால் அவலரக்கின்மேல் ஒருமுறை இலேசாக ஒற்றிச் சென்றால் பூச்சு திறந்து ஈரம் வெளியேறும். லாக்கருக்கு, மெதுவாக உலரும் தின்னரை மெல்லிதாக விசிறினால் அதே பயன் கிடைக்கும். மழைக்காலத்தில் வடிவ வேலையை முடித்து வைத்துக்கொண்டு, மெருகைத் தைக்குப் பின்னர் இடுவது நலம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஈரத்தைவிடத் தூசிதான் பகை; விறாந்தையில் பூசாமல் மூடிய அறையில் பூசுங்கள்.

பூச்சு ஓரிடத்தில் வட்டமாக விலகிக் குழி விழுந்தால், அங்கே மெழுகோ சிலிக்கோனோ எண்ணெயோ இருக்கிறது. மேலே மேலே பூசி அதை மூட முடியாது; களைந்து, தின்னரால் துடைத்து, மெழுகு நீக்கிய அவலரக்கு இட்டுத் தொடங்குங்கள். இறுதிப் பூச்சாகப் பொலியூரிதேன் வார்னிஷை மூன்று மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே 320 இலக்கத் தாளால் தடவி இடுவதே வியர்வைக்கு நின்று பிடிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மரம் கூடுதலாகப் போய்விட்டது, அல்லது சேர்க்க வேண்டியிருக்கிறது

இரு கூறு எபொக்சிப் பசையில் அதே மரத்தின் நுண்தூளைக் குழைத்து, 80 இலக்கத் தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்த இடத்தில் அப்ப வேண்டும். விரைவில் இறுகும் வகையைவிட ஒருநாள் எடுத்து இறுகும் வகை உறுதியானது. குருநகர்ப் பக்கம் பைபர் வள்ளங்களுக்கு இடும் பொலியெஸ்ரர் பிசின் மலிவாகக் கிடைக்கும். அது இறுகும்போது சுருங்குவதாலும் மரத்தை எபொக்சி அளவுக்குப் பற்றாததாலும் இங்கே உதவாது. அப்பியது கைக்கு வடிவம் தருமேயன்றி, எடுத்த மரத்தின் வலிமையைத் திருப்பித் தராது. கழுத்தில் ஆழமாகப் போய்விட்ட முழுமர ரைசரை அப்பி மறைத்து எய்வது ஆபத்து.

மெல்லிய கோடொன்று தெரிகிறது

அது பூச்சின் வெடிப்பா மரத்தின் வெடிப்பா என்பதை அறிய, அவ்விடத்தைப் பூச்சு நீங்கத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். சுற்றியுள்ள மரம் சில நொடிகளில் உலர்ந்துவிடும். வெடிப்பு இருந்தால் ஸ்பிரிட் அதற்குள் தங்கி, மயிரிழை போன்ற ஈரக் கோடாகப் பின்னும் தெரியும். அக்கோடு இழையின் போக்கில், பிடியின் பக்கத்தில், நகம் கூடப் பதியாதபடி மேலோட்டமாக இருந்தால், நீர்போன்ற சயனோ பசையை (சூப்பர் குளூவை) ஊறவிட்டு, குறைந்த இழுவையில் பலமுறை சோதித்துக் கவனிக்கலாம். இழைக்குக் குறுக்காகவோ, முதுகுப் புறத்திலோ, அடுக்குகள் ஒட்டிய கோட்டிலோ, லிம்ப் மரையாணியின் பித்தளைச் சுரையைச் சுற்றியோ இருந்தால் அந்த ரைசரை எய்யப் பயன்படுத்த வேண்டாம். முகத்துக்கு அருகில் உடையும் பொருள் அது. விலை எவ்வளவாயினும் கண்ணுக்கு ஈடாகாது.

மெருகு முடிந்தபின் லிம்ப் சரியாக அமரவில்லை

லிம்ப் அமரும் பள்ளத்திலும் மரையாணித் துளையிலும் வார்னிஷ் வழிந்து தடித்திருக்கிறது. அங்கே அரத்தாளைப் பயன்படுத்தினால் பள்ளத்தின் தளமே சாய்ந்துவிடும். கூரான உளியின் நுனியைச் செங்குத்தாகப் பிடித்துப் பூச்சை மட்டும் சுரண்டியெடுங்கள். சுரையின் மரையில் படிந்ததைத் தின்னர் தொட்ட பல்துலக்கும் பிரஷ்ஷால் நீக்கலாம். பூசுமுன்பே இவ்விடங்களில் மாஸ்கிங் ரேப் ஒட்டியிருந்தால் இவ்வேலை வராது. பின்னர் நாணைப் பூட்டி, அது இரு லிம்ப்களின் நடுவிலும் செல்கிறதா என்று பார்த்து, அம்புத் தட்டருகே முன்பு குறித்த நிலையான இடத்திலிருந்து நாணை அளந்து, அந்த எண் மாறவில்லை என்றால் நாணைத் தொடாமலே, கழுத்திலிருந்து வரும் புதிய நாணுயரத்தை வில்லின் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.